சுவரில் விழுந்த ஏழு கோல்கள்

1

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இந்தக் கதையில் நுணல் நான். கெட்டது என்னவோ ஒரு தையல்காரர். எங்கிருந்து வந்த கதை என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பின்னால் நீங்கள் என்னைப் பிடித்து உலுக்க வேண்டியிருக்காது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. தையல்கடையில் முக்காலிமேல் நிற்கிறேன். புதுப் பேண்ட், என் காலைவிட அரைச் சாண் நீளம். தையல்காரர் கீழே குத்துக்காலிட்டு, நான்கு குண்டூசிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, துணியை மடித்துக் குத்திக்கொண்டிருக்கிறார். வாயில் ஊசி இருந்தால் மனிதர் பேசமாட்டார். அன்று பேசினார்.

"நேத்து மேட்ச் பாத்தீங்களா சார்? ஏழுக்கு ஒண்ணு! நம்ம சிவப்புக்காரனுங்க நீலத்தைத் தொவச்சுக் காயப்போட்டுட்டானுங்க."

நான் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. காலையில் செய்தித்தாளில் படித்திருந்தேன். படித்ததை வயிற்றுக்குள் வைத்துக்கொள்ளத் தெரிந்திருந்தால் நான் ஏன் எழுத்தாளனாகப் போகிறேன்?

"ஏழா? எந்த மேட்ச்சைச் சொல்றீங்க? கோலே விழலைன்னு பேப்பர்ல போட்டிருக்கானே. ரெண்டு பக்கமும் பூஜ்யம். சரியான அறுவையாம்."

குண்டூசி என் ஆடுசதையில் இறங்கியது. நான் கத்தினேன். அவர் காதில் அது விழவே இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு எல்லாவற்றையும் சொன்னார். நான் முக்காலிமேல் நின்றபடியே கேட்டேன். இறங்கினால் மற்ற ஊசிகளும் குத்தும்.

2

தொடக்கங்கள்.

அ) "அந்த மக்களுக்குக் கால்பந்து என்பது வெறும் விளையாட்டு அல்ல, அது ஒரு—"

(நிறுத்திவிட்டேன். 'வெறும் விளையாட்டு அல்ல' என்று தொடங்குகிறவனுக்கு விளையாட்டும் தெரியாது, எழுத்தும் தெரியாது.)

ஆ) "இதுகாறும் வீடுதோறும் இலவசமாக வந்துகொண்டிருந்த நேரலை ஆட்டங்கள், சந்தா செலுத்தினால் மட்டுமே திறக்கும் செயலிகளுக்குள் அடைபட்டுவிட்ட இன்றைய சூழலில், பொதுவெளி என்னும் கருத்தாக்கமே—"

(என் மனைவி தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிட்டு, "இதுல ஆளே இல்லையே, எல்லாரும் எங்க போயிட்டாங்க?" என்று கேட்டாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.)

இ) "ஒரு சுவர் இருந்தது."

இது நின்றது.

3

ஒரு சுவர் இருந்தது. மெல்லிய சுவர், இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் ஆயுசு நூறு என்று வாழ்த்தலாம். இந்தப் பக்கம் தையல்காரரும் மனைவியும். அந்தப் பக்கம் மனைவியின் அண்ணன், லிஃப்ட் பழுது பார்ப்பவர். தையல்காரருக்கு மச்சான். மச்சானும் மாப்பிள்ளையும் பேசி ஆறு வருஷம் ஆகிறது.

காரணம் ஒரு கோட்டு. மச்சான் மகளின் கல்யாணத்துக்குத் தையல்காரர் தைத்துக் கொடுத்தது. இரண்டு தரம் அளவெடுத்து, கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரம் தைத்தார். கல்யாணத்தன்று மச்சான் கடையில் வாங்கிய ரெடிமேட் கோட்டில் வந்து நின்றார். தைத்த கோட்டு, உறையோடு, தங்கை கையில் திரும்பி வந்தது. ஏன் என்று இவர் கேட்கவில்லை. இன்னதுதான் என்று அவர் சொல்லவில்லை. அத்தோடு பேச்சு நின்றது.

அந்தக் கோட்டு இன்றும் தையல்காரர் வீட்டு இரும்பு பீரோவில் தொங்குகிறது. அது உள்ளே புடைத்துக்கொண்டிருப்பதால் கதவு ஒரு தள்ளில் சாத்தாது. மூன்று தரம் அறைய வேண்டும்: தடால், தடால், தடால். பீரோ நிற்பது அந்தச் சுவரை ஒட்டி. (இதை மறந்துவிடாதீர்கள். கெட்டிக்கார எழுத்தாளன் இதைச் சொல்லாமலே உங்கள் மனதில் ஆணியடித்திருப்பான். நான் கேட்டுக்கொள்கிறேன்.)

பேச்சு நின்றதே தவிர, கால்பந்து நிற்கவில்லை. தையல்காரர் சிவப்பு அணி. மச்சான் நீலம். பேசிக்கொண்டிருந்த காலத்திலேயே அவர்களுக்குள் ஒரு வழக்கம். கோல் போட்ட அணிக்காரர் சுவரை மூன்று தரம் தட்டுவார்: எங்க ஆளு போட்டான், பார்த்தியா! வாங்கிய அணிக்காரர் ஒரே ஒரு தரம் தட்டுவார்: பார்த்தேன், போடா. போட்டவனுக்கு மூன்று, வாங்கியவனுக்கு ஒன்று. இந்தக் கதையில் நீங்கள் போட வேண்டிய கணக்கு இது ஒன்றுதான்.

ஆறு வருஷமாக ஒரு வார்த்தை இல்லை. தட்டு மட்டும் தப்பாமல் நடந்தது. படியில் எதிரே வந்தால் ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு இறங்குகிறவர்கள், சனிக்கிழமை சாயங்காலம் ஒரே சுவரைத் தட்டினார்கள்.

4

போன சனிக்கிழமை, மாலை ஆறு மணி. தையல்காரர் தொலைக்காட்சியைப் போட்டார். மைதானம் இல்லை, பந்து இல்லை. நீலப் பலகையில் ஒரு வாக்கியம்: 'இந்த ஆட்டத்தை இனி எங்கள் செயலியில் சந்தாதாரர்கள் மட்டும் காணலாம்.' அந்தப் பலகை நீலமாக இருந்ததே அவருக்குப் பிடிக்கவில்லை.

செயலியை இறக்கிப் பார்த்தார். பெயர் கேட்டது, பிறந்த தேதி கேட்டது, கடவுச்சொல் வை என்றது. வைத்தார். வலுவில்லை என்றது.

"என் பாஸ்வேர்டுக்கு வலுவில்லையாம்! இத்தனை வருஷம் வீடு தேடி வந்த மேட்ச்சு. இப்ப நான் போய்க் கதவத் தட்டணுமாம்," என்று போனைக் கவிழ்த்துப் போட்டார்.

மனைவி காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டே, "பாக்கலைன்னா என்னங்க, குடியா முழுகிடும்?" என்றாள்.

"மெதுவாப் பேசு. அந்தப் பக்கம் கேக்கும்."

விஷயம் அதுதான். மச்சான் கட்டாயம் சந்தா கட்டியிருப்பான். அங்கே அவன் பார்க்க, இங்கே இவர் பலகையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது தெரிந்தால் மானம் போய்விடும். மானத்தைவிடப் பெரியது, தட்டு நின்றுவிடும். இதை மனைவியிடம் சொல்லவில்லை. குண்டூசியோடு என்னிடம்தான் சொன்னார். ஆகவே திட்டம் போட்டார்: சுவரில் காதை வைத்துக்கொள்வது. அவன் மூன்று தட்டினால் நாம் ஒன்று. அவன் ஒன்று தட்டினால் நாம் உடனே மூன்று. பார்க்காமலே பார்த்துவிடலாம்.

(இடைச்செருகல்: அதே நேரத்தில் அந்தப் பக்கம் மச்சானும் அதே நீலப் பலகைமுன் அமர்ந்து, அதே திட்டத்தோடு, அதே சுவரில் காதை வைத்திருந்தார். இது என் கற்பனை இல்லை. மச்சானின் மனைவி பிற்பாடு தன் நாத்தனாரிடம் சொன்னது. நாத்தனார் என்னிடம் சொன்னாள். என்னிடம் சொன்னால் ஊருக்கே சொன்ன மாதிரி.)

இரண்டு காதுகள், நடுவில் ஒரு சுவர். இருபத்துமூன்று நிமிஷம் சத்தமே இல்லை. உண்மையான ஆட்டத்திலும் அப்படித்தான் இருந்தது என்பதால், அதுவரை அவர்கள் பார்த்தது சரியான ஆட்டம்தான்.

பிறகு மனைவி மடித்த துணிகளை பீரோவில் வைத்தாள். கதவைச் சாத்தினாள்.

தடால், தடால், தடால்.

அந்தப் பக்கம் மச்சான் திடுக்கிட்டார். மூன்று! சிவப்பு போட்டுவிட்டது! அவசரமாக ஒன்று தட்டினார்.

இந்தப் பக்கம் தையல்காரர் துள்ளினார். ஒன்று! அப்படியென்றால் நம்மாள் போட்டிருக்கிறான்! நாம்தானே முதலில் தட்டியிருக்க வேண்டும், குட்டு உடைந்துவிடுமே என்று பதறி, தாமதமாக மூன்று தட்டினார்.

மச்சானுக்கு அது அடுத்த கோல். ஒன்று தட்டினார். அந்த ஒன்று, தையல்காரருக்கு அடுத்த கோல். மூன்று தட்டினார். மூன்றுக்கு ஒன்று, ஒன்றுக்கு மூன்று என்று நான்கு நிமிஷத்தில் ஐந்து கோல். எங்கோ ஒரு மைதானத்தில் இருபத்திரண்டு பேர் ஒன்றும் செய்யாமல் ஓடிக்கொண்டிருக்க, இங்கே மழையாகப் பெய்தது. விரல்முட்டி தோல் உரிந்ததால்தான் தையல்காரர் நிறுத்தினார்.

"ஏங்க, என்னங்க ஆச்சு?"

"அஞ்சு! அஞ்சுடி! பேசாத."

நான்கு நிமிஷத்தில் ஐந்து கோலா என்று அவருக்குத் தோன்றவில்லையா? நானும் கேட்டேன். "சிவப்பு ஜெயிச்சே ரெண்டு வருஷம் ஆச்சு சார்," என்றார். ஆசை வெட்கம் அறியாது, கணக்கும் அறியாது.

5

மச்சான் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது.

நான்கு நிமிஷத்தில் ஐந்து கோலா என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. லிஃப்ட் பழுது பார்ப்பவர். ஒரு பெட்டி எத்தனை விநாடியில் எந்த மாடிக்கு வரும் என்று தெரிந்த மனிதர். ஒரு கோல் விழுந்தால் பந்தை நடுவுக்குக் கொண்டுவரவே ஒரு நிமிஷம் ஆகுமே என்று யோசித்தவர், சோதித்துப் பார்த்தார். தானாகவே மூன்று தட்டினார், நீலம் கோல் போட்டதாக. பொய்க் கோல். ஆட்டத்தைப் பார்க்கிறவன் அதற்குப் பதில் தட்டமாட்டான்.

தையல்காரர் சமர்த்தாக ஒன்று தட்டினார்.

மச்சானுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. மாப்பிள்ளையும் பார்க்கவில்லை. அவர் வாய்விட்டுச் சிரித்ததாக அவர் மனைவி சொல்கிறாள். சிரித்துவிட்டு, நெடுநேரம் அந்தச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாராம்.

இடைவேளைக்குப் பிறகு, யாரும் ஒன்றும் தட்டாதபோது, மச்சான் தானாகச் சுவரில் ஒரே ஒரு தரம் தட்டினார். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு தரம். போட்டவனுக்கு மூன்று, வாங்கியவனுக்கு ஒன்று. அதாவது தன் நீல அணி வாங்கியதாக, தன் கையாலேயே, மாப்பிள்ளைக்கு இரண்டு கோல்களைக் கொடுத்தார். இந்தப் பக்கம் தையல்காரர் தலையணையைக் கட்டிப்பிடித்து ஆடினார்.

ஏழுக்கு ஒன்று.

என் சந்தேகம் இது. தைத்த கோட்டை முகத்தில் அடித்ததுபோல் திருப்பி அனுப்பியவர், கோல் கொடுப்பாரா? முதல் வரைவில் அவரை வில்லனாக்கினேன். இரண்டு கோலும் கேலி. இரண்டாவது வரைவில் தெய்வமாக்கினேன். படிக்க எனக்கே கூசியது. தரையில் உட்கார்ந்திருந்த தையல்காரருக்கும் இதே கேள்விதான்.

"முதல் அஞ்சு பீரோக் கதவால வந்த வினை. அந்த ரெண்டும் அவன்கிட்டருந்துதான் சார் முதல்ல வந்துச்சு. நான் பாக்கலைன்னு தெரிஞ்சுதான் தட்டியிருக்கான். என்னைக் கிண்டல் பண்ணானா, இல்ல..."

முடிக்கவில்லை. நானும் முடிக்கப் போவதில்லை. அந்த வாக்கியம் அப்படியே கிடக்கட்டும்.

6

முடிவுகள், கைவிட்டவை.

முதல் முடிவு: தையல்காரர் மச்சான் வீட்டுக் கதவைத் தட்டி, சண்டைபோட்டு, கோட்டு விஷயத்தை ஆதியோடந்தமாகக் கொட்டித் தீர்க்கிறார். (ஆறு வருஷம் வாயைத் திறக்காதவரைப் பக்கம் பக்கமாகப் பேசவைப்பது எனக்குச் சௌகரியம், அவருக்கு இல்லை.)

இரண்டாவது: இருவரும் சேர்ந்து ஒரே சந்தா கட்டி, ஒரே வீட்டில் ஆட்டம் பார்க்கிறார்கள். (செயலிக்காரன் விளம்பரத்துக்குக் கேட்பான்.)

மூன்றாவது: மனைவி இரண்டு பேரையும் உட்காரவைத்து உண்மையை உடைக்கிறாள். இதை அவளிடமே சொல்லிப் பார்த்தேன்.

"நல்லாருக்கு சார் உங்க கதை. உடைச்சுட்டு அப்புறம் யாரு ஒட்டறது? ரெண்டு ரோஷக்காரங்களுக்கு நடுவுல வாழுறவ நான். எங்க அண்ணன் அந்தக் கோட்டை ஏன் திருப்பிக் குடுத்தாருன்னு எனக்குத் தெரியும். அளவெடுத்ததுக்கும் கல்யாணத்துக்கும் நடுவுல வயிறு போட்டுடுச்சு. பொத்தான் எட்டல. அதைச் சொல்ல வெட்கம். போட்டுப் பாத்ததைக் கூட என்னைத் தவிர யார்கிட்டயும் சொல்லல."

"இதை உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லலையா?"

"அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு. நான் சொல்லமாட்டேன். நீங்களும் சொல்லாதீங்க."

(என்னைப் போய்ச் சொல்லாதே என்கிறாள். ஆனால் இந்த ஒரு தடவை, என் ஆடுசதை ஆணையாக, நான் சொல்லவில்லை.)

7

வெள்ளிக்கிழமை பேண்டை வாங்கப் போனேன். வெட்டும் மேசைமேல் ஒரு கோட்டு கிடந்தது. நல்ல தடித்த துணி, ஆறு வருஷத்து மடிப்பு. இரண்டு பக்கத் தையலையும் பிரித்திருந்தார். நல்ல தையல்காரர்கள் உள்ளே மிச்சத் துணி விட்டுத்தான் தைப்பார்கள்; அந்தத் துணியைத்தான் வெளியே இழுத்துக்கொண்டிருந்தார்.

என் நாக்கு நமநமத்தது. கடித்துக்கொண்டேன்.

"யாருக்குங்க இது?"

"சும்மா." ஒரு நூலைப் பிடுங்கிக்கொண்டே, "நேத்துதான் சார் படியில அவனை நேராப் பாத்தேன். ஆறு வருஷமா சுவரைப் பாத்துட்டே எறங்கியிருக்கேன். அந்த வயித்துக்குப் பொத்தான் எப்படி எட்டியிருக்கும்? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா ராவோட ராவாப் பிரிச்சுத் தச்சிருப்பேன். மடப்பய."

"அளவு எடுக்கலையே?"

"மச்சான் இடுப்புக்கு டேப் எதுக்கு சார்?"

பிறகு அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"கதை எழுதறீங்களாமே, வீட்ல சொன்னா. எழுதுங்க. முடிவை மட்டும் எழுதிடாதீங்க. மேட்ச்சு நாளைக்குத்தான்."

8

ஆகவே முடிவு என்னிடம் இல்லை. இருப்பது இவ்வளவுதான்.

சனிக்கிழமை, மாலை ஆறு. இரண்டு வீட்டிலும் நீலப் பலகை. மனைவி துணி மடித்து பீரோவில் வைக்கிறாள். உள்ளே கோட்டு இல்லாததால் கதவு சத்தமில்லாமல் ஒரே தள்ளில் சாத்திக்கொள்கிறது. அவளே ஒரு நிமிஷம் திகைத்து நிற்கிறாள். கோட்டு தையல்காரரின் மடியில். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு காது இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். இவர் பார்க்கவில்லை என்று அந்தக் காதுக்கும் தெரியும். இனிமேல் எந்தத் தட்டும் கோல் ஆகாது.

தோல் உரிந்த விரலை மடக்கிக் கையை ஓங்கியிருக்கிறார்.

மூன்று தட்டினால் பழைய போட்டி. ஒன்று தட்டினால், வாங்கிய கோலைத் திருப்பிக் கொடுத்த மாதிரி. தட்டாமல் எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு, எட்டடி நடந்து, கதவுக்குப் போனாலும் போகலாம்.

நீங்கள் இதைப் படிக்கும் இடத்தில் ஒரு சுவரோ மேசையோ இல்லாமலா போகும்? அவருக்காக நீங்களே தட்டிவிடுங்கள். எத்தனை தரம் என்பது உங்கள் இஷ்டம். என்னிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள். பேண்டின் இடுப்பைப் பிடிக்க நான் திங்கட்கிழமை மறுபடி அந்தக் கடைக்குப் போக வேண்டும்.