இளையதம்பியின் வண்டில் வரி

புத்தகத்தைக் கையில் வாங்கியதுமே தியாகராசாவுக்கு வயிறு எரிந்தது. வெள்ளைக்காரர் காலத்துச் சட்டசபையில் பதினொரு வருடம் யாழ்ப்பாணத்துக்காக இருந்த சி. இளையதம்பியின் வரலாறு. இருபத்திரண்டு வருடமாகத் தியாகராசா எழுதுவேன், எழுதுவேன் என்று சொல்லிக்கொண்டிருந்ததை, வந்து குடியேறிய நகரத்தில், வில்லரேப் பகுதிக் குழந்தைகள் காப்பகமான கார்டெரியில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்துவிடும் சிவமலர் இரண்டே வருடத்தில் எழுதி முடித்துவிட்டாள். அட்டை வேறு அழகாக இருந்து தொலைத்தது.

அதைவிடக் கொடுமை, வெளியீட்டு விழாவில் ஆய்வுரை அவருடையது. "அண்ணை, இளையதம்பியாரைப் பற்றி உங்களைவிட ஆருக்குத் தெரியும்?" என்று அவளே போன் எடுத்துக் கேட்டிருந்தாள். மறுத்தால் பொறாமை என்பார்கள். என்பார்கள் என்ன, பொறாமைதான்.

விழாவுக்குப் போகும்போது மெட்ரோவில் வாசித்தவர், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் துள்ளிக் குதிக்காத குறை. மாட்டு வண்டிகளுக்குப் போட்ட வண்டில் வரியை எதிர்த்து இளையதம்பி தேசாதிபதிக்கு எழுதிய மனு என்று ஒரு முழு அத்தியாயம்! அந்த மனுவின் பிரதி தியாகராசாவிடம் இருக்கிறது. எழுதியவர் சிதம்பரப்பிள்ளை இளையதம்பி என்ற வழக்கறிஞர். சட்டசபை இளையதம்பியோ சின்னையாவின் மகன். அந்த வரிக்கு ஆதரவாகக் கை உயர்த்தியவர். முதலெழுத்து ஒன்றாக இருந்ததில் ஒருவர் செய்த புண்ணியம் மற்றவருக்குப் போய்விட்டது.

நோத்ர-டாம்-த-கிரேஸ் தேவாலய மண்டபம் நிறைந்திருந்தது. தியாகராசா இரண்டு நிமிடம் பாராட்டினார். பிறகு, "ஒரு சின்னப் பிழை" என்று தொடங்கி அந்த அத்தியாயத்தையே பிய்த்துப் போட்டார்.

"ஆள் மாறாட்டம்! இதைக்கூடப் பாக்காமல் வரலாறு எழுதலாமோ?"

முன்வரிசையில் சிவமலரின் மகள் வினோஜா தலை குனிந்துகொண்டாள். தியாகராசாவுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

ஏற்புரைக்கு எழும்பிய சிவமலரின் முகம் வெளிறியிருந்தது. "அண்ணை சொன்னது சரி. பிழைதான்."

"இதை எங்கயிருந்து எடுத்தனீங்கள்?" என்று விழாவை நடத்திய சங்கத்தின் தலைவர் பேரின்பநாதன் இருந்த இடத்திலிருந்தே கேட்டார்.

அவள் கடைசிப் பக்கங்களைப் புரட்டினாள். தியாகராசாவை ஒருதரம் பார்த்தாள். "பழைய மலர் ஒண்டில வந்த கட்டுரை. நான் சரி பாத்திருக்கவேணும். அடுத்த பதிப்பில திருத்திறன்" என்று புத்தகத்தை மூடிவிட்டாள்.

தியாகராசா அவசரமாகத் தன் பிரதியில் அந்த அடிக்குறிப்பைத் தேடினார். 'க. தியாகராசா, வண்டில் வரியும் இளையதம்பியும், ஆண்டு மலர், 2003.' மனு கைக்கு வருவதற்கு முன் அவரே எழுதி, அவரே மறந்துபோனது.

மண்டபம் அவளுக்குக் கைதட்டியது. ஒரு பெயர்தானே, சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டாள். நன்றி வரவேண்டிய இடத்தில் அவருக்குப் பொறாமைதான் வந்தது. இந்தப் பெருந்தன்மையும் அவளுக்கே வாய்த்துவிட்டதே!