துண்டைத் தொடாமல் ஐம்பது பந்துகள்

1

மார்ச் 4, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. கோல்ஃப் பயிற்சித் திடல், இருபத்து மூன்றாம் தடுப்பு. ஐம்பது பந்துகள் அடிக்கப்பட்டன. பந்துக்குப் பின்னால் ஒரு சாண் தள்ளி மடித்து வைத்திருந்த துண்டு பதினொரு முறை நகர்ந்தது.

இந்தக் கதை அந்தத் துண்டிலிருந்து தொடங்கியது என்று சொல்ல ஆசை. உண்மை அப்படியில்லை. அன்று ஒருவர் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பதில் சொல்ல வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணி வரை நேரம் கொடுத்தார். இன்று வெள்ளி. மணி ஒன்றரை. பதிலை யோசிக்க உட்கார்ந்தவன் அவரைப் பற்றியே ஒரு கதை எழுதத் தொடங்கிவிட்டேன். இதை முடித்துவிட்டு அவரை அழைக்கலாம். மூன்றரை மணி நேரம் இருக்கிறது. செய்தித்தாளில் இருந்த நாட்களில் இதைவிடக் குறைந்த நேரத்தில் முழுப் பக்கம் நிரப்பியிருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்:

"மனைவி இறந்த பிறகு பொழுது போகாமல் அவர் கோல்ஃப் —"

வேண்டாம். தனியாக நிற்கும் ஓர் ஆளைக் கண்டால் உடனே அவர் மனைவியைக் கொன்றுவிடுவது எழுதுகிறவர்களின் கெட்ட பழக்கம். எனக்கு ஆதாரமும் இல்லை.

இரண்டாம் தொடக்கம்:

"இருபத்தாறு வருஷம் லிஃப்ட் பழுது பார்த்தவருக்கு, மேலே போனது எதுவானாலும் ஒழுங்காகக் கீழே வந்து சேர வேண்டும் என்ற —"

இதுவும் வேண்டாம், கெட்டிக்காரத்தனம். ஆனால் தொழில் உண்மைதான். அவர் சட்டைப் பையின் மேல் லிஃப்ட் கம்பெனியின் பெயர் தைத்திருக்கும். விரல் நகங்களின் ஓரத்தில் போகாத கிரீஸ் கறுப்பு இருக்கும். வருஷக் கணக்கு மட்டும் நான் போட்டது.

மூன்றாம் தொடக்கம்:

"அவர் பந்தை அடித்தார்."

இது நிற்கும். இதில் தவறு கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாவது எப்படி வந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் திடலில் சொல்லிக்கொடுக்கிற பெண்மணியை எல்லோரும் 'கோச்' என்பார்கள். முன்பு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தவர். நான் சேர்ந்த புதிதில் புத்தகங்கள் படித்துவிட்டுப் போயிருந்தேன். முழங்கை எந்தக் கோணத்தில், இடுப்பு எப்போது திரும்ப வேண்டும், எடை எந்தப் பாதத்துக்கு எப்போது மாற வேண்டும் எல்லாம் மனப்பாடம். பந்து மட்டும் நகராது. மட்டை அதற்கு முன்னாலேயே தரை விரிப்பில் இடித்து நிற்கும். ஒரு வாரம் பார்த்துக்கொண்டிருந்த கோச், ஒரு பழைய துண்டை மடித்துப் பந்துக்குப் பின்னால் வைத்தார்.

"சார், முழங்கையை விடுங்க. இடுப்பை விடுங்க. துண்டைத் தொடாம பந்தை அடிங்க. அவ்வளவுதான் வேலை."

"தொட்டுட்டா?"

"துண்டு நகரும். எடுத்துத் திரும்ப வைங்க. அதுக்காக நான் உக்காந்து அழப் போறதில்லை."

"அப்போ இடுப்பு?"

"அது தானா வரும். உடம்புக்கு வேலை சொல்லுங்க சார், பாடம் எடுக்காதீங்க."

கோச்சிடம் மொத்தம் நாலைந்து பயிற்சிகள்தான். துண்டு ஒன்று. பாதங்களைச் சேர்த்து வைத்துக்கொண்டு, விழாமல் பத்துப் பந்து அடிப்பது ஒன்று. அடித்து முடித்த நிலையிலேயே, பந்து எங்கோ உருண்டு நிற்கும் வரை அசையாமல் இருப்பது ஒன்று. எல்லாவற்றிலும் ஒரு வேலை இருக்கும், முடிந்ததா இல்லையா என்று கண்ணுக்குத் தெரியும். ஒரு வருஷத்தில் என் வீச்சு மாறியது. எப்படி மாறியது என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது.

3

இந்த இடத்தில் கவனமான வாசகர் ஒருவர் கேட்கலாம்: நகத்தின் ஓரத்துக் கறுப்பு வரைக்கும் உனக்கு எப்படித் தெரியும்?

நியாயமான கேள்வி. திடலில் இருபத்து நான்கு தடுப்புகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. நடுவே முழங்கால் உயரத்துக்குப் பலகை. வலக்கைக்காரர்கள் எல்லோரும் ஒரே திசையைப் பார்த்துத்தான் நிற்க வேண்டும். ஒன்றில் இருப்பவருக்கு இரண்டில் இருப்பவரின் முதுகு தெரியும், இரண்டுக்கு மூன்றின் முதுகு. ஒரு வருஷம் அடுத்தடுத்த தடுப்பில் ஆடிவிட்டு, வெளியே கார் நிறுத்துமிடத்தில் ஒருவரை ஒருவர் அடையாளம் தெரியாமல் போகிறவர்கள் உண்டு.

இடக்கைக்காரன் மட்டும் எதிர்த்திசை பார்த்து நிற்பான். அவனால் குழப்பம் வரக்கூடாது என்று கடைசித் தடுப்பை, இருபத்து நான்கை, இடக்கைக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். அதனால் இருபத்து மூன்றில் நிற்பவரும் இருபத்து நான்கில் நிற்பவரும் மட்டும் நேருக்கு நேர்.

நான் இடக்கைக்காரன்.

பதினான்கு மாதங்களாகச் செவ்வாய்க்கிழமை காலைகளில் அவருக்கு எதிரே நிற்கிறேன். எதிரே என்றால், தலை குனிந்திருக்கும்போது மட்டும். இருவரும் அவரவர் பந்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். அடித்து முடித்து நிமிரும்போது இருவர் முகமும் திடலின் பக்கம் திரும்பியிருக்கும். பந்து நிற்கும் வரை அசையக்கூடாது. இடையில் அடுத்த பந்தை எடுத்து வைக்கிற நாலைந்து நொடி கிடைக்கும். அதில் பார்த்துச் சேர்த்ததுதான் இந்தப் பாத்திரம்.

(ஓரக் குறிப்பு: அவருடைய மட்டைப் பையின் பக்கவாட்டில் நான்கு டைனோசர் படங்கள் கோணலாக ஒட்டியிருக்கும். முதல் வரைவில் இருந்தன. அவர் தனிமைக்கு ஒத்துவராததால் எடுத்துவிட்டேன். அவருடைய போன் அடிக்கடி அடிக்கும். அதையும் எடுத்துவிட்டேன்.)

4

கேள்விக்கு வருகிறேன். செவ்வாயன்று ஐம்பதாவது பந்தை அடித்துவிட்டு அவர் பலகையருகே வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க."

"ஞாயித்துக்கிழமை காலையில உள்ள போய் ஆடலாம்னு இருக்கேன். ஒன்பது குழி. எத்தனை நாள்தான் இந்தப் பச்சைப் பாய்லயே அடிக்கிறது?"

திடலுக்குப் பின்னால், வேலிக்கு அந்தப் பக்கம், ஒன்பது குழிகள் கொண்ட சிறிய மைதானம் இருக்கிறது. நானும் உள்ளே போனதில்லை.

"நல்ல விஷயம்" என்றேன்.

"சனி, ஞாயிறுல ஒத்த ஆளுக்கு நேரம் தரமாட்டாங்களாம். ரெண்டு பேர் இருக்கணுமாம்." துண்டை உதறி மடித்தார். "நீங்க வர்றீங்களா?"

"நான் இன்னும் சரியாவே அடிக்கிறதில்ல சார்."

"நான் மட்டும்? இன்னிக்குப் பதினோரு தடவை நகர்ந்துச்சு. நீங்கதான் எண்ணினீங்களே."

நான் எண்ணுவது அவருக்குத் தெரியும் என்பது எனக்குத் தெரியாது. அவர் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்தார். மைதானத்தில் எத்தனை முறை அடித்தோம் என்று எழுதிக்கொள்ளத் தருகிற அட்டை. பெயர்களுக்கு இரண்டு கோடுகள் இருந்தன. ஓரத்தில் தன் போன் நம்பரை எழுதிக் கொடுத்தார்.

"ஏழு நாப்பதுக்குக் கேட்டு வச்சிருக்கேன். வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்குள்ள ஆபீஸ்ல ரெண்டு பேரோட பேரையும் குடுக்கணும். இல்லைன்னாலும் ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க சார், நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

"பார்க்கலாம்" என்றேன்.

அவர் போனதும், பந்துகளைப் பொறுக்குகிற கூடையோடு கோச் அந்தப் பக்கம் வந்தார்.

"கேட்டதுக்குப் பார்க்கலாம்னு சொல்லி அனுப்பிட்டீங்களா?"

"யோசிச்சுச் சொல்லலாம்னு."

"ஒரு போன், ஒரு வார்த்தை. இதுக்கும் நான் துண்டு வச்சுத் தரணுமா சார்?"

5

மணி மூன்று. ஏன் அன்றைக்கே சரி என்று சொல்லவில்லை?

ஒன்பது குழிக்கு இரண்டு மணி நேரம் ஆகுமாம். பெரும்பகுதி நடைதான். பக்கத்தில் ஒருவர் நடப்பார், அவரோடு பேச வேண்டும். பத்திரிகை மூடியபிறகு, நான்கு வருஷமாக, நான் யாரோடும் இரண்டு மணி நேரம் பேசியதில்லை. கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைத் திருத்திக் கொடுக்கிற வேலை வீட்டிலிருந்தே நடக்கிறது. போன வாரம் முழுதும் நான் வாய்திறந்து பேசியதைக் கணக்கெடுத்தால், கோச்சிடம் ஒரு வார்த்தை, மருந்துக் கடையில் ஒரு வார்த்தை, அக்காவோடு வெள்ளிக்கிழமை ஒன்பது நிமிடம்.

சரியாக இந்த இடத்தில் போன் அடித்தது. அக்கா.

"என்னடா பண்றே?"

"எழுதிட்டிருக்கேன்."

"அறிக்கையா?"

"இல்லக்கா, கதை. பந்து அடிக்கப் பழகுற ஒருத்தரைப் பத்தி. யாருமில்லாதவர்."

"யாருமில்லைன்னு அவர் சொன்னாரா?"

"சொல்லலை. பார்த்தா அப்படித் தெரியுது."

"பேப்பர்ல இருந்தப்போ, விபத்து நடந்த வீட்டு வாசல்ல நின்னுக்கிட்டு நாய்க்குட்டி வரைக்கும் விசாரிப்பே. இவரை ஒரு வார்த்தை கேக்க முடியலையா?"

"கதைதானேக்கா."

"செவ்வாய்க்கிழமை காலையில தனியா நின்னு பந்து அடிக்கிற ஒரு ஆளை எனக்கும் தெரியும்டா. என்கூடப் பொறந்தவன்."

ஞாயிற்றுக்கிழமை விவரத்தை மட்டும் சொன்னேன்.

"முதல்ல போனைப் போடு. கதை எங்கயும் ஓடிப்போயிடாது."

"முடிவு மட்டும்தான் பாக்கி. எழுதிட்டுப் போடறேன்."

"என்னவோ பண்ணு" என்று வைத்துவிட்டாள். ஏழு நிமிடம்.

6

முடிவு, முதலாவது. இருவரும் ஞாயிறு காலை மைதானத்தில் நடக்கிறார்கள். புல்லில் ஈரம். பேச்சு தேவைப்படவில்லை. அவர்களுக்கிடையே மௌனமே ஒரு —

நம்ப முடியவில்லை. மௌனத்தைப் பற்றி எனக்குத் தெரியும். அது அப்படியெல்லாம் ஒன்றும் ஆகிவிடாது.

முடிவு, இரண்டாவது. பதில் வரவில்லை. ஞாயிறு காலை அவர் பையோடு அலுவலகத்துக்குப் போய், ஒருவருக்கு இடமில்லை என்று கேட்டுத் திரும்பி வருகிறார். இருபத்து மூன்றாம் தடுப்பில் துண்டை மடித்து வைக்கிறார். எதிரே யாரும் இல்லை.

இதை வேகமாக எழுத முடிந்தது. படித்துப் பார்த்தபோது காரணம் புரிந்தது. இதில் நான் இல்லாமல் அவருக்கு நடக்காது. அப்படி ஒருவர் இருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டிருக்கிறேன். அவரைப் பற்றி எழுதிய வரி இல்லை அது. அடித்துவிட்டேன்.

முடிவு, மூன்றாவது. வாசகரிடமே விட்டுவிடுவது. மேசைமேல் அட்டை. பெயர்களுக்கு இரண்டு கோடுகள். முதல் கோட்டில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. இரண்டாவது:

______________

இதை நீங்கள் நிரப்பிக்கொள்ளலாம்.

இது பிடித்திருந்தது. கோடு எவ்வளவு நீளம் இருக்க வேண்டும், "நிரப்பிக்கொள்ளலாம்" சரியா "நிரப்பலாம்" சரியா, "நீங்கள்" வேண்டுமா வேண்டாமா என்று நான்கு முறை மாற்றினேன். கடைசியில் முதலில் எழுதியதே சரி என்று தோன்றியது. நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்து பன்னிரண்டு.

7

அட்டையிலிருந்த நம்பரை அழைத்தேன். இரண்டாவது மணியிலேயே எடுத்தார். பின்னால் நிறையப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். டிவி ஓடியது. ஒரு பெண் குரல், "அப்பா, யாருப்பா அது, அந்த இடக்கை சாரா?" என்றது.

"சொல்லுங்க சார்."

"கொஞ்சம் நேரமாயிடுச்சு. ஞாயித்துக்கிழமை நான் வரேன்."

"அடடா. வீடு பக்கத்துத் தெருதான், இப்பதான் உள்ள வர்றேன். அஞ்சு மணி வரைக்கும் ஆபீஸ்லயேதான் சார் நின்னேன், உங்க போன் வரும்னு. பக்கத்துல இன்னொருத்தர் நின்னுட்டிருந்தார், பல் டாக்டராம். அவருக்கும் கூட ஆள் இல்லை. அங்க இருந்தவர், அப்போ நீங்க ரெண்டு பேரும் சேர்ந்து போங்களேன்னு எழுதிட்டார்."

"நல்லதாப் போச்சு."

"தப்பா எடுத்துக்காதீங்க சார்."

"சேச்சே, இதுல என்ன இருக்கு?"

"வீட்ல உங்களைப் பத்தித்தான் பேச்சு. எதிர்ல நின்னு என் துண்டை எண்ணுவார்னு சொல்லிச் சொல்லி, பேரன்கூட வந்து பார்க்கணும்கிறான்."

சிரித்தார். நானும் சிரித்தேன்.

"சரி சார், வச்சுடறேன்" என்றேன்.

ஒரு நிமிடம் நாற்பது நொடி. இதில் எனக்குத் தெரியவந்தது, பதினான்கு மாதத்தில் தெரிந்ததைவிட அதிகம்.

8

வாசகருக்கென்று விட்டுவைத்த கோட்டில் ஒரு பல் டாக்டரின் பெயர் ஏறிவிட்டது. ஆகவே நான்காவது முடிவு ஒன்றை எழுதப் போவதில்லை. டைனோசர் படங்களை மட்டும் மூன்றாம் பகுதியில், இருந்த இடத்திலேயே, திரும்பச் சேர்த்திருக்கிறேன். அவர் போன் அடித்ததையும் சேர்த்திருக்கிறேன். அவை அடைப்புக்குறிக்குள் இருப்பதற்கு இதுதான் காரணம்.

மீதி, கோச் சொன்னதும் நான் பார்த்ததும்.

மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழு நாற்பது. இருவர் ஒன்பது குழிகள் ஆடினார்கள். லிஃப்ட் மெக்கானிக் எழுபத்து நான்கு முறை பந்தை அடித்தார், பல் டாக்டர் அறுபத்தொன்பது முறை. முடித்துவிட்டு வெகுநேரம் வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். வார நாட்களில் மைதானத்தில் கூட்டம் குறைவு என்பதால், இனிச் செவ்வாய்க்கிழமைகளிலும் உள்ளேயே ஆடுவது என்று முடிவு செய்திருக்கிறார்கள்.

மார்ச் 11, செவ்வாய்க்கிழமை, காலை பத்து இருபது. இருபத்து மூன்றாம் தடுப்பு காலியாக இருந்தது. இருபத்து நான்காம் தடுப்பில் ஐம்பது பந்துகள் அடிக்கப்பட்டன. துண்டு ஒரு முறையும் நகரவில்லை.