நிறைகுடத்தில் இடமில்லை

எல்லாம் தெரிந்த அண்ணன் அமைவது ஒரு பாக்கியம். மலை உச்சிப் பேருந்துப் பணிமனையின் இன்ஜினியருக்கு அந்தப் பாக்கியம் இரட்டிப்பாக வாய்த்திருந்தது. அண்ணனே முதலாளி. வீட்டில் கிடைக்கும் அறிவுரை போதாதென்று வேலையிலும் கிடைத்தது.

அன்று காலை புதுப் பேருந்துக்கு வெள்ளோட்டம். அடிவாரத்து மருத்துவமனையின் தலைமை நர்ஸ் ஏறிப் பார்த்துச் சரி என்றால், நோயாளிகளைக் கொண்டுபோகும் வேலை இதற்குக் கிடைக்கும். இல்லையென்றால் இருமல்காரர்கள் பழைய டீசல் வண்டியின் புகையிலேயே இருமிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பேருந்துக்குள் இரண்டு பேர் குடித்தனம். ஹைட்ரஜனிலிருந்து மின்சாரம் தரும் எரிபொருள் கலம் ஒன்று, பேட்டரி ஒன்று. கலம் நிதானக்காரர், விரட்டினால் ஆயுள் குறையும். ஏற்றத்தில் திடீரென்று கேட்பதைப் பேட்டரி கொடுக்கும். இறக்கத்தில் சக்கரங்கள் திருப்பித் தருவதை வாங்கியும் வைக்கும். யாருக்கு எப்போது எவ்வளவு என்று பங்கு பிரிக்கும் கணினி நிரலை இன்ஜினியர் தங்கைதான் எழுதியிருந்தாள்.

திரையில் பேட்டரி ஐம்பத்தெட்டு சதவீதம் என்றிருந்தது.

"என்னம்மா, பாதிக்குக் கொஞ்சம் மேல? பாக்கறவங்க நம்மகிட்ட சரக்கு இல்லன்னு நெனைப்பாங்க."

"கீழ இறங்கப் போறோம்ணா. வர்ற கரண்ட்ட வாங்கிக்க இடம் வேணும்."

"நிறைகுடம் தளும்பாது. கேள்விப்பட்டிருக்கியா?"

"தளும்பாதுதான். மேல ஊத்தினா வழியுமே."

"உன் வாய்க்கு மட்டும் எப்பவும் ஃபுல் சார்ஜ்."

அவள் தலைமை நர்ஸை அழைத்துவரப் போன நேரத்தில், அண்ணன் தம் திருக்கரங்களாலேயே சார்ஜரைச் சொருகினார். அவர்கள் வந்து சேர்வதற்குள் உருவியும் விட்டார். பெற்ற பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல ஒரு முகம். விருந்தாளியோடு பின் இருக்கையில் உட்கார்ந்தவள் திரையைப் பார்க்கவில்லை.

முதல் வளைவிலேயே எரிபொருள் கலம் அணைந்தது. சாப்பிட ஆளில்லாத வீட்டில் யார் சமைப்பார்கள்? சக்கரங்கள் தந்த மின்சாரத்தையும் பேட்டரி வேண்டாம் என்றுவிட்டது. பாரம் முழுவதும் பிரேக்கின் தலையில் விழுந்தது. கருகல் வாடை வந்ததும் அவள் முன்னால் ஓடினாள். திரையில் நூறு.

"ஓரமா நிறுத்துங்கண்ணே" என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, ஏசியையும் ஹீட்டரையும் ஒன்றாகப் போட்டாள். தலைக்குக் குளிர், காலுக்கு அனல்.

"இது என்ன வைத்தியம்?" என்றார் தலைமை நர்ஸ்.

"பேட்டரியில இடமில்லீங்க. கொஞ்சம் காலி பண்றோம்."

"அவ்வளவு யாரு ரொப்பினது?"

அண்ணன் ஜன்னல் வழியே மரங்களை ரசிக்கத் தொடங்கினார். அந்தச் சாலையில் மரங்கள் இருப்பது அவருக்கு அன்றுதான் தெரிந்திருக்க வேண்டும்.

ஒரு வார்த்தை போதும், இத்தனை வருட அறிவுரையையும் வட்டியோடு திருப்பிவிடலாம். வாய் வரை வந்துவிட்டது. இப்படிப்பட்ட வாய்ப்பை ஆண்டவன் சும்மா தருவதில்லை, சோதிக்கத்தான் தருகிறான் என்று நினைத்துக்கொண்டாள்.

"நாங்கதாங்க ரொப்பிட்டோம். தப்பு எங்க பேர்ல."

ஹீட்டரைவிட அந்த 'நாங்க' அண்ணனை அதிகம் சுட்டது. மரங்களை விட்டுத் திரும்பினார்.

"அவ வேணாம்னுதான் சொன்னா. நான்தான் கேக்காம சொருகிட்டேன்."

தலைமை நர்ஸ் சிரித்துவிட்டார். "எங்க பெரிய டாக்டரும் இப்படித்தான். ஆனா ஒத்துக்க மாட்டாரு. நாளைக்கு இந்தப் பொண்ணு சொல்றபடி ஓட்டிக் காட்டுங்க."

மறுநாள் பேருந்து வாடையில்லாமல் இறங்கியது, வேலையும் கிடைத்தது. அன்று மாலை அவள் பணிமனைக்குள் நுழைந்தபோது அண்ணன் குரல் கேட்டது.

"நெறஞ்ச குடத்துல எவனாவது தண்ணி ஊத்துவானா? அறுபதோட நிறுத்தணும்ப்பா. யோசிச்சுத்தான் சொல்றேன்."

"நல்ல யோசனைங்க" என்ற டிரைவர், அவளைப் பார்த்ததும் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அவளும் டிரைவரைப் பார்த்துத் தலையாட்டினாள்.

"ஆமாண்ணே. அண்ணன் சொல்றபடியே வச்சுக்கோங்க."