டவர் கிடைக்காத மலை

ஓடிப்போய்க் கல்யாணம் செய்துகொள்வதற்கு நல்ல இடமாகப் பார்த்துச் சொல் என்று தமிழ்நிலா தன் அப்பாவிடமே கேட்டாள். கண்ணையன் அப்போதுதான் முதல் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி, சுரங்க டவுன்ஷிப்பின் பத்தொன்பதாம் பிளாக் முனையில் புங்கமரத்து நிழலில் நின்றுகொண்டிருந்தார். ஹெல்மெட் ஒரு கையில். வியர்வையில் போன் காதைவிட்டு வழுக்கியது. ஸ்காட்லாந்தில் அப்போது காலை மணி பத்தேகால் இருக்கும். நைட் டூட்டி முடித்து ஆஸ்பத்திரியிலிருந்து அறைக்கு நடந்துகொண்டே பேசுகிறாள் என்பது அவளுடைய மூச்சில் தெரிந்தது.

"இங்க இத எலோப்மெண்ட்னு சொல்வாங்கப்பா. கூட்டம் சேக்காம ரெண்டு பேரு மட்டும் மலைக்குப் போயி கட்டிக்கிறது."

"அப்டின்னா ஓடிப்போறதா?"

"அர்த்தம் அதாம்ப்பா. ஆனா யாரும் ஓடல. நடந்துதான் போறோம்."

கண்ணையனுக்குச் சிரிப்பு வந்தது. கூட இறங்கியவர்கள் போய்விட்டார்களா என்று ஒருமுறை சுற்றிப் பார்த்துக்கொண்டார்.

மாப்பிள்ளை யாரென்று கேட்க வேண்டிய அவசியமில்லை. நான்கு தெரு தள்ளி இருக்கும் சந்தியாகுவின் மகன் ஜெபின்தான். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் படித்து, ஒருவர் முன்னும் ஒருவர் பின்னுமாக அந்த நாட்டுக்குப் போனவர்கள். அவன் அங்கே காற்றாலைக் கம்பெனியில் எலக்ட்ரிக்கல் என்ஜினியர். விஷயம் தெரிந்தபோது சந்தியாகு ஒன்றும் சத்தம் போடவில்லை. பெண் ஞானஸ்நானம் வாங்கிக்கொண்டு மாதா கோயிலில் மந்திரித்துக் கட்டட்டும் என்றார். கண்ணையனின் மனைவி சந்திராவும் சத்தம் போடவில்லை. முருகன் சன்னிதியில் தாலி ஏறாமல் என் மகள் எந்த வீட்டுக்கும் போகமாட்டாள் என்றாள். இரண்டு பேருடைய தாத்தாக்களும் ஒரே வரப்பில் நின்று அடுத்தவர் நெல்லைக் கூலிக்கு அறுத்தவர்கள்தான். ஒரு தாத்தா மட்டும் இடையில் சிலுவை போட்டுக்கொண்டார். அந்த ஒரு வித்தியாசத்தில் கல்யாணம் மூன்று வருஷம் நின்றுபோயிற்று. ஒரே பஸ்ஸில் சுரங்கத்துக்குப் போகும் கண்ணையனும் சந்தியாகுவும் ஒருவர் முன்பக்கம், ஒருவர் பின்பக்கம் என்று இடம் பிரித்துக்கொண்டார்கள். சந்திரா மகளோடு பேசி பதினான்கு மாதமாகிறது. ஆனால் கண்ணையன் வீட்டிலிருந்து மகளோடு பேசும்போதெல்லாம் சமையலறைக் குழாய் நின்றுவிடும். அவர் போனை வைத்த பிறகுதான் மறுபடி தண்ணீர் விழும் சத்தம் கேட்கும்.

தமிழ்நிலா விவரம் சொன்னாள். அந்த நாட்டில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட்டால் பதிவாளர் நாம் சொல்லும் இடத்துக்கே வந்து நடத்தி வைப்பார். சாட்சிக்கு இரண்டு பேர் போதும். கூட வேலை பார்க்கும் நர்சுகள் இரண்டு பேர் வருகிறார்கள். மூன்று இடம் பார்த்து வைத்திருக்கிறார்கள். ஒன்று ஏரிக்கரை, காரை விட்டு இறங்கினால் இடம், டவர் நன்றாகக் கிடைக்கும், வீடியோ காலில் இங்கிருந்தே பார்க்கலாம். இரண்டாவது ஒரு அருவி. போட்டோவில் பார்த்தாலே குளிரும். இதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னவள் கொஞ்சம் நிறுத்தினாள்.

"மூணாவது ஒண்ணு இருக்குப்பா. அது மேல. டவர் கெடையாது."

அதற்கு மேல் அந்த இடத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. வரைபடம் அனுப்புகிறேன், உனக்குத்தான் மேப் படிக்கத் தெரியும், நீ எதைச் சொல்கிறாயோ அதுதான் என்று முடித்தாள்.

கண்ணையன் முப்பத்தொரு வருஷமாகச் சுரங்கத்தின் சர்வே பிரிவில் இருக்கிறார். கான்ட்ராக்டில் அளவுகோல் பிடிக்கப் போனவர். பதினாறு வருஷம் கழித்து பெர்மனன்ட் ஆனார். மண்ணை வெட்ட வெட்டக் கீழே இறங்கும் பள்ளத்தை, ஒவ்வொரு படியாக, வெயிலில் நின்று அளந்தவர். கருவியில் கண் வைக்கும் என்ஜினியர்கள் வந்துபோய்க்கொண்டே இருந்தார்கள். அவர் நின்றுகொண்டே இருந்தார். வரைபடத்தைப் படிக்க யாரும் அவருக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. நாளெல்லாம் எந்த இடத்தில் கால் வலித்ததோ, அந்த இடத்தில் சாயங்காலம் தாளில் கோடுகள் நெருக்கமாக விழுவதைப் பார்த்துப் பார்த்துப் பிடித்துக்கொண்டார்.

மெயின் பஜாரில் ஜெராக்ஸ் கடையில் வரைபடத்தை நான்கு பெரிய தாள்களாக எடுத்து, செல்லோ டேப் போட்டு ஒட்டினார். மறுநாள் சந்திரா வடலூர் சந்தைக்குப் போன நேரத்தில் கூடத்துத் தரையில் விரித்தார். முதல் பார்வையில் ஒன்றும் பிடிபடவில்லை. வட்டத்துக்குள் வட்டமாகக் கோடு போனால் அவருக்கு அது பள்ளம்தான். இத்தனை வருஷமும் உள்ளே போகப் போக எண் குறைந்து, கடல்மட்டத்துக்கும் கீழே போய் நிற்கும். இதில் உள்ளே போகப் போக எண் கூடிக்கொண்டே போயிற்று. நானூறு, ஐந்நூறு, எழுநூறு. தலைகீழாகத் தொங்குகிறவன் நிமிர்ந்து உட்கார்ந்ததுபோல ஒரு கணம் கிறுகிறுத்தது. பிறகு மலை தெரிய ஆரம்பித்தது.

அருவியை அவர் முதலில் தள்ளினார். பாதை இரண்டு இடத்தில் ஓடையைத் தாண்டுகிறது, பாலத்துக்கான குறி இல்லை. கல்யாணம் அக்டோபரில். அங்கே அது மழைக்காலம் என்று மகள் சொல்லியிருந்தாள். கெண்டைக்கால் தண்ணீர் ஒரே மழையில் இடுப்புக்கு வரும் சரிவு அது. ஏரிக்கரை ஒரு குறையும் இல்லாத இடம். சமதரை, வெளிச்சம், பக்கத்திலேயே கார் நிறுத்தும் இடம். ஆனால் கார் நிறுத்துமிடம் என்றால் டூரிஸ்ட் பஸ்ஸும் வரும். தாலியோ மோதிரமோ மாற்றிக்கொள்ளும்போது பின்னால் முப்பது பேர் இறங்கி நின்று படம் எடுப்பார்கள். அதுகூடப் பெரிய காரணமில்லை. அந்த இடத்தை மகள் விவரித்த விதம், ஒரு நோயாளிக்கு மாத்திரையின் பெயர் சொல்வதுபோல இருந்தது. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் அவள் நின்றுவிட்டாள்.

அந்த மூன்றாவது இடம் இரண்டு மலைகளுக்கு நடுவில் ஒரு கணவாய். அங்கே நின்றால் காற்று ஆளைத் தூக்கும் என்று கோடுகளே சொல்லின. ஆனால் அதிலிருந்து தென்கிழக்காக முந்நூறு மீட்டர் தள்ளி, நெருங்கி வந்த கோடுகள் திடீரென்று விலகி ஓரிடத்தில் இளைப்பாறின. ஒரு சின்ன மேடை. மேற்கே ஒரு குன்று அதற்கு முதுகு கொடுக்கிறது. காற்றும் மழையும் அந்தப் பக்கத்திலிருந்துதான் வரும் என்று மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டார். எதிரே தெற்கில் நெடுந்தூரத்துக்கு உயரமான தடுப்பு எதுவும் இல்லை. அக்டோபர் வெயில் அங்கே தாழ்ந்துதான் வரும். பதினொரு மணிக்கு அந்த மேடைமேல் தடையில்லாமல் விழும். பென்சிலை எடுத்து அங்கே சின்னதாக ஒரு புள்ளி வைத்தார். பக்கத்தில் 'நிலா' என்று எழுதினார். வைத்த பிறகுதான், ஏரிக்கரை என்று சொல்லியிருந்தால் மகளின் கல்யாணத்தைத் தன் கண்ணால் பார்த்திருக்கலாம் என்பது நெஞ்சில் வந்து உட்கார்ந்தது. அழிக்கலாமா என்று வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அழிக்கவில்லை. அன்றே மகளுக்குச் சொல்லிவிட்டார். அவள், "அங்கயாப்பா?" என்று மட்டும் கேட்டாள்.

பீரோவுக்கு மேலே சுருட்டி வைத்ததை ஒரு வாரம் கழித்து ஒட்டடை அடிக்கும்போது சந்திரா எடுத்துவிட்டாள். சுரங்கத்து பிளான் என்று நினைத்துத்தான் விரித்திருக்கிறாள். அவர் ஷிப்ட் முடிந்து வந்தபோது வரைபடம் கட்டில்மேல் கிடந்தது. அவள் அந்தப் பென்சில் எழுத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். மறைக்க ஒன்றுமில்லை என்று ஆகிவிட்டதால் அவர் எல்லாவற்றையும் சொன்னார். தேதி, நேரம், மூன்று இடங்கள், தான் தேர்ந்தெடுத்த இடம். கேட்டு முடித்ததும் சந்திரா நிமிர்ந்தாள்.

"மொத எடத்துலன்னா நம்ப பாத்திருக்கலாமா?"

"பாத்திருக்கலாம்."

"என்ன ஒரு வார்த்த கேக்கணும்னு உங்களுக்குத் தோணலியா?"

"நீதான் அவகூடப் பேசறதில்லியே."

"பேசலன்னா பாக்கவும் கூடாதா?"

அந்தக் கேள்வியை அவர் தனக்குள் கேட்டுக்கொள்ளாமலே இருந்திருக்கிறார் என்பதுதான் சுட்டது. மகளுக்காகத் தன் கண்ணை விட்டுக்கொடுத்ததாக நினைத்திருந்தார். கூடவே இவளுடைய கண்ணையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். இப்போதும் மாற்றலாம், பதிவாளருக்கு எழுதினால் போதும் என்றார். சந்திரா தாளைச் சுருட்டி, இருந்த இடத்திலேயே வைத்தாள். நான்கு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் தட்டில் சோறு போடும்போது, எந்தத் திசை பார்த்து நிற்பார்கள் என்று கேட்டாள்.

"கெழக்க. கொஞ்சம் தெக்கால சாஞ்சாப்ல."

"தேவல," என்றாள். மாற்றச் சொல்லவில்லை.

சந்தியாகுவிடம் சொல்லாமல் விடக்கூடாது என்று கண்ணையனுக்குப் பட்டது. ஜெபின் வீட்டில் இன்னும் வாய் திறக்கவில்லை. அம்மாவிடம் சொல்ல நாக்கு எழவில்லையாம். ஒரு மத்தியானம் ஷிப்ட் முடிந்து திரும்பும்போது கண்ணையன் எழுந்து பஸ்ஸின் பின்பக்கம் போய், சந்தியாகுவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்த இடத்தில் உட்கார்ந்தார். இரண்டு வரிசை முன்னால் பேச்சு நின்றது. தேதியைச் சொன்னார். வியாழக்கிழமை, நம் நேரம் மூன்றரை மணி. ஒரு மலைமேல்.

சந்தியாகு ஜன்னலைப் பார்த்தபடியே இருந்தார். கன்வேயர் பெல்ட்டின் தூசி அவருடைய காது மடலில் படிந்திருந்தது. டவுன்ஷிப்பின் ஆர்ச் கேட்டைத் தாண்டிய பிறகு கேட்டார்:

"மேல ஏற எவ்ளோ நேரம் ஆவும்?"

"ஒன்னேகா மணி நேரம்."

"அவனுக்கு முட்டி ஆவாது. பன்னெண்டாவது படிக்கச்சொல்ல ஃபுட்பால்ல அடிபட்டது."

"தெரியும்ணே. அதாங் வடக்கால இருக்குற வழிய எடுக்கல. அது செங்குத்தா ஏறுது. இது மலைய சுத்திகினு போவுது. அரை மணி கூட ஆவும், முட்டிக்கு நோவு இருக்காது."

சந்தியாகு அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். ஏதோ கேட்கப் போவதுபோல உதடு அசைந்தது. நிறுத்தம் வந்துவிட்டது. டிபன் பையை எடுத்துக்கொண்டு இறங்கிப் போனார்.

அந்த வியாழக்கிழமை கண்ணையன் வீடு வந்தபோது சந்திரா குளித்து, அரக்குப் பட்டு உடுத்திக்கொண்டு இருந்தாள். எங்கே போகப்போகிறாள் என்று அவர் கேட்கவில்லை. அவரும் குளித்துவிட்டு வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டார். வரைபடத்தை அவளே எடுத்து வந்து கூடத்தில் விரித்தாள். நான்கு மூலைக்கும் நான்கு எவர்சில்வர் டம்ளர் வைத்தாள். மகள் காலையில் அனுப்பிய செய்தி மட்டும் இருந்தது: கிளம்புகிறோம், மேகம் இருக்கிறது, மழை இல்லை, இனிமேல் கீழே இறங்கித்தான் பேச முடியும்.

"இப்ப எங்க இருப்பாங்க?"

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று மணி. பாதை மலையை வளைத்துத் திரும்பும் இடத்தில் விரலை வைத்தார். "இங்க."

வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே ஜெபினின் அம்மா அன்னமேரி நின்றுகொண்டிருந்தாள். பூசைக்குப் போகும் வெள்ளைச் சேலை, கையில் செபமாலை. தாழ்ப்பாளைத் தொடவில்லை. சந்தியாகு ஸ்கூட்டரை விட்டு இறங்காமல் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்திரா எழுந்து போனாள். இரண்டு பேரும் கேட்டுக்கு இரண்டு பக்கமும் சற்று நேரம் நின்றார்கள். பிறகு சந்திரா தாழ்ப்பாளைத் தள்ளி, "உள்ள வாங்கண்ணி, மேப்பு இருக்கு," என்றாள்.

அன்னமேரி தரையில் உட்கார்ந்து கண்ணாடியைப் போட்டுக்கொண்டாள். எழுத்தெல்லாம் இங்கிலீஷில் இருந்தது. கோடுகளைப் பார்த்து, என் பிள்ளை எங்கே என்று கேட்டாள். கண்ணையன் விரலைக் காட்டினார். அது கொஞ்சம் நகர்ந்திருந்தது. ஒரு ஓடைக் குறியைத் தாண்டி, ஒரு சிறிய ஏற்றத்தைத் தாண்டி, கோடு கோடாக மேலே போய்க்கொண்டிருந்தது. வெளியே ஸ்கூட்டர் என்ஜின் அணைந்தது. யாரும் உள்ளே வரவில்லை. யாரும் கிளம்பிப் போகவுமில்லை.

சந்திரா சமையலறைக்குள் போய் மஞ்சள் பிசறிய அரிசியைக் கைநிறைய எடுத்து வந்தாள். வந்தபிறகுதான் அதை எங்கே போடுவதென்று தெரியாமல் நின்றாள். பிறகு அன்னமேரிக்குப் பக்கத்தில், மூடிய கையோடு உட்கார்ந்தாள். விரல் இடுக்கில் மஞ்சள் ஈரம் கசிந்தது. இரண்டு பெண்களும் குனிந்து பார்த்துக்கொண்டிருக்க, முப்பத்தொரு வருஷம் அளவுகோல் பிடித்துக் காய்ந்த அந்த விரல், முட்டி நோகாமல், அவசரமில்லாமல், ஐந்நூறு மீட்டர் கோட்டில் கால் வைத்தது.