பற்றாத அடுப்பு

பாடை தெருமுனை திரும்பியதும் கலைப்பிரியா துடைப்பத்தை எடுத்தாள். கூடத்தில் சிதறிக் கிடந்த பூவையும் பொரியையும் கூட்டித் தள்ளினாள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வாசல்வரை தேய்த்துக் கழுவினாள். வருஷக்கணக்காக அந்த வீட்டில் குடியிருந்த மருந்து வாடை தண்ணீரோடு சேர்ந்து படியிறங்கிப் போயிற்று.

மாமனார் அரங்கநாதனுக்குச் சர்க்கரை முற்றிக் காலில் புண் வைத்திருந்தது. இரண்டு விரல்களை எடுத்த பிறகும் வலி விடவில்லை. நேற்றுச் சாயந்திரம்தான் வலிக்கிறது என்று சொல்லாமல் தூங்கினார். அப்படியே போய்விட்டார். மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்து சீப்படாமல் போனாரே என்று வந்தவர்கள் சொன்னார்கள். அழுதவர்களும் அதைச் சொல்லிவிட்டுத்தான் அழுதார்கள். கலைப்பிரியாவுக்கும் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கினாற்போல்தான் இருந்தது.

அவளுடைய கவலை வேறு. அது தோட்டத்தில் கட்டியிருந்தது.

அந்த மாடு மேல்மலையனூர்ப் பக்கத்திலிருந்த அவள் தாய்வீட்டிலிருந்து கன்றாக வந்தது. இந்த வீட்டில் என்னுடையது என்று அவள் கைவைத்துச் சொல்லக்கூடியது அது ஒன்றுதான். நாலு நாளுக்கு முன் மாமனார் படுக்கையில் விழுந்த அன்று சாயந்திரத்திலிருந்து அது தொட்டியில் வாய் வைக்கவில்லை. தீவனம் கரைத்த தண்ணீரை முகர்ந்து பார்க்கும், தலையை உதறிக்கொண்டு திரும்பிவிடும். வைக்கோலில் நாலு வாய் கடிக்கும், அவ்வளவுதான். பால் பாதிக்குப் பாதி குறைந்துவிட்டது. மாட்டு டாக்டர் ஊசி போட்டும் பலனில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் பிணத்தைப் பார்த்த கையோடு தோட்டத்துக்கும் போய் மாட்டைப் பார்த்தார்கள். பக்கத்து வீட்டுக் குப்பம்மாள் வேலியோரம் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்லிக்கொண்டிருந்தாள்.

"பெத்த புள்ளைங்க கூட தின்னுட்டுத்தான் அழுவுதுங்க. இது வாய்ல பச்சத் தண்ணி வெக்கல. அவரு பின்னாலியே போயிடும் பாரு."

அந்தக் கடைசி வார்த்தை கலைப்பிரியாவின் கணவன் ராஜவேலுவின் காதில் விழுந்துவிட்டது. கொள்ளிச்சட்டியைத் தூக்குவதற்கு முன் அவளைத் தனியாகக் கூப்பிட்டான். தரகர் அப்பாதுரையிடம் சொல்லியிருப்பதாகவும், சாயந்திரம் வந்தால் கேட்ட விலைக்கு மாட்டை அவிழ்த்துக் கொடுத்துவிட வேண்டும் என்றும் சொன்னான். செத்த பிறகு யார் வாங்குவார்கள் என்று கேட்டான். ஈர வேட்டியோடு நிற்கிறவனிடம் என்ன சண்டை போடுவது?

வீடு கழுவி விளக்கேற்றியாயிற்று. இனி அடுப்பு மூட்டலாம். மாமியார் கெங்கம்மாள் ஈரப் புடவையோடு சுவரோரம் நடுங்கிக்கொண்டிருந்தாள். இழுப்பு உடம்பு. கொஞ்சம் வெந்நீர் கிடைத்தால் தேவலை என்றாள்.

ஆனால் அடுப்பும் அதே நாலு நாளாகப் பற்றவில்லை.

அது ஃபேன் அடுப்பு. கெங்கம்மாளுக்கு விறகுப் புகை ஆகாது என்று அரங்கநாதன் திண்டிவனத்தில் வாங்கிவந்தது. வந்த அன்றைக்கே மண் அடுப்பை இடித்துப் போட்டுவிட்டார். கரும்புச் சக்கையையும் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையின் தோலையும் அரைத்து அழுத்திச் செய்த சின்னச் சின்னக் குச்சிகளை இதில் நிரப்பி, மேலே நாலு சொட்டு மண்ணெண்ணெய் விட்டுக் கொளுத்த வேண்டும். பற்றியதும் பக்கத்துக் குமிழைத் திருகினால் அடியிலிருக்கும் ஃபேன் சுற்றும், தீ சீறிக்கொண்டு எழும்பும். இப்போதோ மண்ணெண்ணெய் மட்டும் எரிந்து அணைந்தது. குச்சி கருகிப் புகைந்தது. நாலு நாளும் குப்பம்மாள் வீட்டு அடுப்பில்தான் சோறு.

கலைப்பிரியா அடுப்பைத் தோட்டத்துக்குத் தூக்கிப்போய்க் கவிழ்த்துச் சாம்பலைத் தட்டினாள். காற்று வரும் ஓட்டைகளைத் துடைப்பக் குச்சியால் ஒவ்வொன்றாகக் குத்தினாள். கரண்ட் சரியாக இல்லாததால் பேட்டரியில் சார்ஜ் ஏறவில்லையோ என்று குமிழைத் திருகினாள். ஃபேன் கிர்ரென்று சுற்றி அவள் முகத்தில் சாம்பலை ஊதியது. அப்படியென்றால் அடுப்பில் கோளாறு இல்லை. ஐப்பசி மழையில் குச்சிதான் நமுத்துப் போயிருக்கிறது.

பின்தாழ்வாரத்தில் இரண்டு நீலப் பீப்பாய்கள் பக்கம் பக்கமாக நிற்கும். இடது பக்கம் அடுப்புக் குச்சி, வலது பக்கம் மாட்டுத் தீவனம். எலி சாக்கைக் கடிக்கிறது என்று அரங்கநாதன் வாங்கிப் போட்டவை. அவற்றை நிரப்புவது அவர் வேலை, யாரையும் கிட்டே விடமாட்டார். படுக்கையில் விழுந்த அன்று காலையில்கூட இரண்டையும் கழுவிக் காயவைத்து, புது மூட்டைகளைப் பிரித்துக் கொட்டி மூடினார்.

அவள் இடது பீப்பாயிலிருந்து இரண்டு முறம் அள்ளி, சாக்கை விரித்து வெயிலில் பரப்பினாள். குப்பம்மாள் வீட்டில் ஒரு குடம் வெந்நீர் வாங்கி மாமியாருக்கு ஊற்றப் போனாள். பாதி ஊற்றுவதற்குள் வேலிப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கலா, ஒம் மாடு வெறவத் தின்னுது பாரும்மா. இதுக்குப் பைத்தியம் கியித்தியம் புடிச்சிடுச்சா?"

சொம்பும் கையுமாக ஓடினாள். மாடு முளைக்குச்சியைப் பிடுங்கிக்கொண்டு வந்து சாக்கின்மேல் நின்றிருந்தது. வாய் நிறையக் குச்சி. எரிக்கிற சாமானைத் தின்றால் வயிறு என்னத்துக்கு ஆகும்? சாயந்திரம்வரைகூடத் தாங்காது. கயிற்றைப் பிடித்து இழுத்தாள். அது அசையவில்லை. கடைவாயில் கையை விட்டு எச்சிலோடு ஒரு பிடி வெளியே எடுத்தாள்.

வெல்லப்பாகு வாசனை அடித்தது.

சாக்கிலிருந்து ஒரு குச்சியை எடுத்து நாக்கில் வைத்தாள். உப்புக் கரித்தது. பிறகு புண்ணாக்கு ருசி. கம்பெனித் தீவனமும் இதே கனத்தில், இதே தவிட்டு நிறத்தில்தான் வருகிறது.

கயிற்றை விட்டுவிட்டு வலது பீப்பாயைத் திறந்து, அதிலிருந்தும் ஒன்றை எடுத்துக் கடித்தாள். ஒரு ருசியும் இல்லை, மல்லாட்டைத் தோல். இதைத்தான் நாலு நாளாகத் தண்ணீரில் கரைத்து மாட்டுக்கு வைத்திருக்கிறாள்.

அதில் நாலு பிடி அள்ளி அடுப்பில் போட்டாள். மண்ணெண்ணெய் விட்டுத் தீக்குச்சியைக் கிழித்தாள். பற்றியது. குமிழைத் திருகினாள். தீ சத்தத்தோடு மேலே வந்தது. அதற்கு முன்னால் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிரிப்பு வந்தது. சாவு வீட்டில் இதென்ன என்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். அடக்க அடக்கத் தோள் குலுங்கியது.

"அழுதுடும்மா," என்றாள் குப்பம்மாள் வேலிக்கு அந்தப் பக்கம். "உள்ளயே வெச்சிக்கினு இருக்காத."

காட்டிலிருந்து ஆண்கள் திரும்பியபோது கூடவே அப்பாதுரையும் வந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்போல முகத்தை வைத்துக்கொண்டிருந்தாலும் தோளில் கயிறு இருந்தது. ராஜவேலு அவரைத் தோட்டத்துக்குக் கூட்டிப் போனான். மாடு தொட்டித் தண்ணீரை அடிவரை உறிஞ்சிவிட்டுத் தொட்டியை நக்கிக்கொண்டிருந்தது.

"என்னா ராஜவேலு, சாவப்போற மாடுன்ன. இது தொட்டியயே தின்னுடும் போலிருக்குதே."

ராஜவேலு கலைப்பிரியாவைப் பார்த்தான்.

"மாடு எங்கியும் போவல," என்றாள் அவள்.

அவன் மாட்டைப் பார்த்தான். பிறகு துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டு, அப்பாதுரைக்கு ஒரு காப்பி கொடு என்று சொல்லிவிட்டு உள்ளே போனான்.

கெங்கம்மாள் அடுப்பருகில் வந்து உட்கார்ந்து உள்ளங்கைகளைச் சூட்டில் காட்டினாள். புகை இல்லை. இழுப்பு அடங்கியிருந்தது.

"நல்லபடியா போயி சேந்துட்டாருன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சி," என்றாள். "அதான் வாய வெச்சிது."

"ஆமாங்கத்த," என்றாள் கலைப்பிரியா.

சாக்கில் மிஞ்சிய தீவனத்தைக் கொட்டுவதற்காகப் பீப்பாய்களிடம் போனாள். இடது பீப்பாயின் மூடியில், பிடியைச் சுற்றிப் பச்சைக் கட்டம் போட்ட துணிக்கிழிசல் ஒன்று இறுக்கி முடிச்சுப் போட்டிருந்தது. மாமனாருடைய பழைய லுங்கி. பீப்பாய் வந்த நாளிலிருந்து அது அங்கேதான் இருக்கிறது. கந்தைத் துணி என்று நினைத்திருந்தாள். இன்னொரு மூடியின் பிடியில் எதுவும் இல்லை.

அவர் தீவனத்தை இதில்தான் கொட்டியிருக்கிறார். எப்போதும் இதில்தான். கழுவிக் காயவைத்த அன்று இடம் மட்டும் மாறிப்போயிருக்கிறது. அவளோ இடது, வலது என்று இடத்தைப் பார்த்தே அள்ளிக்கொண்டிருந்தாள்.

அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தாள். கொஞ்ச காலமாக அவர் சுவரில் விரலைத் தேய்த்துக்கொண்டே நடப்பார். கால் புண்ணுக்காக என்று நினைத்திருந்தாள். வாசலில் ஆள் வந்தால், யாரும்மா அது என்று முதலில் அவளைக் கேட்பார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். ஆஸ்பத்திரியில் கேட்டபோதெல்லாம் கண்ணு நல்லாத்தான் தெரியுது என்றார்.

பீப்பாய்களை அவள் இடம் மாற்றவில்லை. தீவனத்தைக் கொட்டி மூடினாள்.

இருட்டிக்கொண்டு வரும்போது கரண்ட் போயிற்று. உள்ளே யாரோ மெழுகுவர்த்தி எங்கே என்று கேட்டார்கள். தோட்டத்தில் மாடு இன்னும் வேண்டும் என்று கத்தியது. கலைப்பிரியா முறத்தோடு தாழ்வாரத்துக்கு வந்தாள். விளக்குக்குக் காத்திருக்கவில்லை. கையை நீட்டினாள். விரலில் பட்ட பிடி வழுவழுவென்றிருந்தது. கையை இந்தப் பக்கம் நகர்த்தினாள். முடிச்சு தட்டுப்பட்டது. அந்த மூடியைத் திறந்தாள்.