அப்பாவுக்குக் கட்டம் இல்லாத அட்டை

1.
இந்தக் கதை ஒரு போன் காலில் பிறந்தது. வேலைக்குச் சேர மருத்துவ விவரம் கேட்டார்கள். அப்பாவுக்குப் போன் அடித்து, "சின்ன வயசுல எனக்கு என்னென்ன தடுப்பூசி போட்டீங்கப்பா?" என்றேன். "இரு," என்றார். அடுத்து வந்தது அம்மா குரல். அவ்வளவுதான். வந்த கோபத்தில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

2.
முதல் வரி: 'அன்பே உருவான ஒரு தகப்பன்—' வேண்டாம்.

அடுத்தது: 'பொறுப்பே இல்லாத ஒரு குடிகார—' இதுவும் வேண்டாம். (குடிகாரனாக்கினால் நல்ல அப்பாக்கள் எல்லோரும் தப்பித்துவிடுவார்கள். விடமாட்டேன்.)

மூன்றாவது: பஸ் மெக்கானிக் ஒருவர், ஒன்பது மாதப் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு தடுப்பூசி அறைக்கு வந்தார். இது நிற்கும்.

3.
நல்ல மனுஷன். பணிமனையில் முப்பது வண்டி. எதற்கு எப்போது பிரேக் மாற்றினார் என்று நோட்டைப் பார்க்காமல் சொல்வார். மனைவிக்கு லீவு கிடைக்காததால், போன வாரமே தட்டம்மை ஊசி தவறிவிட்டது. இன்று தானே அலமாரியில் அட்டையைத் தேடி எடுத்து வந்திருந்தார். பன்னிரண்டுக்கு அறையைப் பூட்டிவிடுவார்கள்.

நர்ஸ் அட்டையைத் திறந்தார்.

"எல்லா ஊசியும் போட்டு முடிச்சாச்சே."

"நம்ம வீட்டுல எல்லாம் கரெக்டா இருக்கும் சிஸ்டர்." பெருமை தாங்கவில்லை அவருக்கு.

"ரொம்ப கரெக்ட். இதுபடி உங்க பையனுக்கு ஆறு வயசு. பேரும் பொண்ணு பேரு."

வரிசையில் இருந்த அம்மாக்கள் சிரித்துவிட்டார்கள். அவர் எடுத்து வந்தது மூத்த மகளின் அட்டை.

"அம்மா வரலையா?"

(இதற்கும் எனக்குக் கோபம்தான். வந்தவரிடம் வராதவரைக் கேட்பானேன்?*)

* அட்டையில் அம்மா பெயர், அம்மா போன் நம்பர். அப்பாவுக்கு ஒரு கட்டம்கூடக் கிடையாது. இதை அச்சடிக்கச் சொன்னவரும் ஒரு அப்பாவாக இருந்திருப்பார். அவரும் போனை யாரிடமாவது நீட்டியிருப்பார்.

நர்ஸ் பதிவேட்டில் பையனைக் கண்டுபிடித்தார். "சரி, போட்டுடலாம். போன ஊசிக்கு அப்புறம் வலிப்பு, உடம்பு தடிப்பு ஏதாவது வந்துச்சா?"

மெக்கானிக் மனைவிக்குப் போன் அடித்தார். எடுக்கவில்லை. ஷிப்ட் முடியும்வரை அவள் வேலை பார்க்கும் ஆலையில் எல்லோர் போனும் லாக்கரில்தான். மணி பன்னிரண்டாகப் பத்து நிமிஷம்.

4.
முடிவு அ: "ஒண்ணும் வரல" என்று அடித்துவிடுகிறார். ஊசி. சுபம். ஆனால் பிரேக்கைப் பார்க்காமலே 'பார்த்தாச்சு' என்று ஒரு வண்டியை ரோட்டுக்கு அனுப்புவாரா இவர்?

முடிவு ஆ: "தெரியல சிஸ்டர்." "அப்ப அம்மாவோட வாங்க." இன்னொரு வாரம் போச்சு. ஊரில் தட்டம்மை இவர்களுக்காகக் காத்திருக்குமா என்ன?

முடிவு இ: 'திடீரென்று எல்லாம் நினைவுக்கு வந்து—' எப்படி வரும்? தெரிந்திருந்தால்தானே நினைவுக்கு வர!

5.
பையன் அவருடைய சட்டைக் காலரைச் சப்பிக்கொண்டிருக்கிறான்.

"சொல்லுங்க, பின்னாடி ஆளுங்க நிக்கிறாங்க," என்கிறார் நர்ஸ்.

அவர் வாயைத் திறக்கிறார்.

நான் எழுதமாட்டேன். இவருடைய பதிலையும் இன்னொருத்தரே சொல்வதா? வாசிக்கிறவர் ஒரு அப்பா என்றால், நீங்கள் சொல்லுங்கள். இதைப் பக்கத்தில் இருப்பவரிடம் நீட்டாமல்.