பின்சுவர்

டப்ளினில் பிரபுக்கள் குடியிருக்கக் கட்டிய நான்கு மாடி வீடு அது. பிரபுக்கள் காலி செய்துவிட்டுப் போய் நூறு வருஷத்துக்கு மேலாகிறது. இப்போது அறைக்கு ஒன்றாகப் பதினொரு குடும்பங்கள். இரண்டாம் மாடியில், ஒரு காலத்தில் விருந்தும் நடனமும் நடந்த கூடத்தின் பின்பாதியில், டிம்ப்னா தன் கணவன் ஃபின்டனோடும் இரண்டு பெண் குழந்தைகளோடும் இருந்தாள்.

திங்கட்கிழமை கூரையிலிருந்த சுதைப் பறவை ஒன்றின் சிறகு உடைந்து கஞ்சிச் சட்டிக்குள் விழுந்தது. அண்ணாந்து பார்த்தவள் கண்ணில் ஜன்னலோரமாகக் கீழிறங்கும் விரிசல் பட்டது. மாவுப்பசை காய்ச்சி, அதன் குறுக்கே செய்தித்தாள் துண்டு ஒன்றை ஒட்டினாள். புதன்கிழமை காலையில் தாள் இரண்டாகக் கிழிந்திருந்தது.

"ஈரத்துல ஊறிக் கிழிஞ்சிருக்கும். சும்மா கிட" என்றான் ஃபின்டன்.

வாடகை வாங்க வந்த ஸ்வீட்மன் சிரித்தார். "இருநூறு வருஷமா நிக்குற வீடும்மா. நீங்க முறைச்சுப் பாத்தா விழுந்துடுமா?"

நகராட்சிக்குச் சொல்லிவிடலாம் என்று எதிர் அறைக் கன்செப்டாவிடம் டிம்ப்னா மெதுவாக ஆரம்பித்தாள். அவள் சீறினாள்.

"வாயத் தைச்சுக்கோடி! அவனுங்க வந்தா வீட்டுக்குப் பூட்டு. வீடில்லாதவங்கள அடைக்கிற பழைய பட்டாளக் கொட்டடியில நம்மள போட்டுட்டு, அங்க ஆம்பளைக்கு இடமில்லன்னு புருஷங்காரன வெளிய நிறுத்திடுவானுங்க. உன் பயத்துக்கு நாங்க தெருவுல நிக்கணுமா?"

சனிக்கிழமை மழை விடவே இல்லை. காலையில் அறைக்கதவு தரையில் உரசியது. மதியம் மூடவே வரவில்லை. டிம்ப்னா கதவின் மேல்சட்டத்தைப் பார்த்தாள், கோணிக்கொண்டு நின்றது. ஃபின்டன் துறைமுகத்தில் இருந்தான். பிள்ளைகள் இருவரையும் இழுத்துக்கொண்டு, ஒவ்வொரு மாடியிலும் "வெளிய வாங்க, வெளிய வாங்க" என்று கத்தியபடி இறங்கினாள். ஒருவரும் அசையவில்லை.

கன்செப்டா தெருப்பக்க ஜன்னலில் தேநீர்க் கோப்பையோடு வந்து நின்றாள். "மகாராணி மழையில உலாத்துறாங்க! குடை அனுப்பட்டுமா?"

எதிர்வீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அரை மணி நேரம் ஆயிற்று. சின்னவளுக்கு உதடு நீலமாகிவிட்டது. டிம்ப்னாவுக்கு அவமானத்தில் காது எரிந்தது. கம்பளிச் சட்டையையாவது எடுத்து வரலாம் என்று, பெரியவளிடம் தங்கையை ஒப்படைத்துவிட்டு மேலே போனாள்.

இரண்டாம் மாடியை எட்டியபோது வீடு முனகியது. மரம் நெரியும் சத்தம். உடனே கன்செப்டாவின் கதவு உள்ளிருந்து தடதடத்தது.

"டிம்ப்னா! கதவு வரமாட்டேங்குதுடி! ஐயோ, திறடி!"

ஓடிவிடு என்றது உடம்பு. கால் ஒரு படி இறங்கியும் விட்டது. பிறகு திரும்பித் தன் அடுப்படிக்குப் போய்க் கரி கிளறும் இரும்புக்கம்பியை எடுத்து வந்தாள். கம்பி இரண்டுமுறை வழுக்கியது. மூன்றாம் முறை கீழ்ப்பலகை பிளந்தது. அந்தப் பொந்து வழியாகக் கன்செப்டாவை முடியைப் பிடித்தே இழுத்தாள்.

கைப்பிடிக் கட்டைகளை என்றோ ஒரு பனிக்காலத்தில் அடுப்பில் எரித்துவிட்டதால், படிகளுக்கு ஒருபக்கம் வெறும் பள்ளம். சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு இருவரும் இறங்கினார்கள். மரம் நெரிந்ததுமே மேல்மாடிக்காரர்கள் இவர்களைத் தாண்டி இறங்கிவிட்டிருந்தார்கள்; கீழேயும் கதவுகள் படபடவென்று திறந்து எல்லோரும் வெளியே பாய்ந்தார்கள். கடைசியாக இவர்கள் வாசலைத் தாண்டியதும் பின்பக்கம் இடி இறங்கினாற்போல் ஒரு ஓசை. நிலைப்படி வழியாகச் சுண்ணாம்புப் புழுதி புகையாய் வெளியே வந்தது.

தலைகளை எண்ணினார்கள். எல்லோரும் இருந்தார்கள்.

ஆறு மணிக்கு ஃபின்டன் வந்தான். தெருப்பக்கச் சுவர் ஒரு செங்கல்கூடப் பெயராமல் நின்றது; புழுதிக்காக யாரோ வாசல் கதவைச் சாத்தியிருந்தார்கள்.

"என்ன கூத்து இது? பிள்ளைங்கள நனையவிட்டு?" என்று அதட்டினான்.

கன்செப்டா முந்திக்கொண்டாள்: "கதவத் திறந்து பாருங்கண்ணே."

திறந்தான். நடைக்கு அப்பால் படிக்கட்டும் இல்லை, அறையும் இல்லை. மழை பெய்யும் வானம் இருந்தது. வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டான். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு, டிம்ப்னாவின் கையைத் தேடிப் பிடித்தான்.